சுருளிராஜனின் மறுப்பு அறிவிப்பு

சுருளிராஜன் ஆட்டோவில் மைக் கட்டி அறிவிப்புச் செய்பவர். ஜவுளிக்கடைத் தள்ளுபடி, கோயில் திருவிழா, சாவுச் செய்தி என்று கடமலைக்குண்டில் எதுவானாலும் அவர் குரலில்தான் ஊருக்குத் தெரியவரும். சும்மா சொல்லக் கூடாது, கணீரென்ற குரல். எழுதிக் கொடுத்ததைப் படிப்பார், பென்டிரைவில் பதிவுசெய்வார், தெருத் தெருவாக ஓடவிடுவார். என்ன படிக்கிறோம் என்று யோசிக்கிற வழக்கம் மட்டும் அவரிடம் இல்லை.

போன ஊராட்சித் தேர்தலில் ஆதித்தன் என்ற வேட்பாளர் ஒரு காகிதத்தைக் கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கும் முனீஸ்வரி பிள்ளைகளின் அரிசியைத் திருடி விற்கிறாள், எதிர் வேட்பாளர் அதற்கு உடந்தை என்று அதில் இருந்தது. ஓட்டு வாங்க ஒரு ஏழைப் பொம்பளையின் மானம்தான் கிடைத்ததா இந்த மனுஷனுக்கு! சுருளிராஜன் அதையும் கணீரென்று படித்தார். தேர்தல் முடியும்வரை ஊரெல்லாம் ஓடியது.

அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். ஒரு பிடி அரிசிகூடக் குறையவில்லை. ஆனாலும் குழாயடியில் பேச்சு ஓயவில்லை. முனீஸ்வரி மானநஷ்ட வழக்குப் போடுவதாக ஆதித்தனுக்கு வக்கீல் நோட்டீஸ் விட்டாள்.

"தேர்தல்னா நாலும் பேசத்தான் செய்வாக. பேசுறதுக்கு உரிமை இல்லையா? அதோட, சொன்னது நானா? கொரலு சுருளிராஜனோடது" என்று ஆதித்தன் கைகழுவிவிட்டார்.

வழக்கு நடத்த வசதி இல்லை. வேலையை விட்டுவிட்டு முனீஸ்வரி ஊரைவிட்டே போனாள். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

அதுதான் சுருளிராஜனைக் குடைந்தது. சோறு இறங்கவில்லை. "நான் பாட்டுக்குப் படிச்சேன். அந்தப் பிள்ளை ஊரைவிட்டே போயிருச்சே" என்று மனைவி சங்கிலியம்மாளிடம் அழுதார். பிறகு தானே எழுதி, தானே பதிவுசெய்தார்.

"கடமலைக்குண்டு சத்துணவு முனீஸ்வரி அரிசி திருடியதாக நான் அறிவித்தது பொய். அவர் குற்றமற்றவர். மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்."

ஆதித்தனின் ஆட்கள் மிரட்டியும் விடாமல் ஊர் முழுக்கச் சுற்றினார். கேட்டவர்களில் சிலர் தலைகுனிந்தார்கள். அந்தத் தெம்பில், எந்த ஊருக்கு எந்த வேலையாகப் போனாலும் முதலில் இதை ஓடவிட்டுத்தான் மற்றதைப் போடுவது என்று வைத்துக்கொண்டார். நல்ல மனுஷன். மனசை ஆற்றிக்கொள்ள வேறு வழி அவருக்குத் தெரியவில்லை.

அப்படித்தான் ஒரு நாள் ஜவுளிக்கடை விளம்பரத்துக்காக லோயர் கேம்ப் போனார். மாவட்டத்தின் அடுத்த கோடி அது, கேரள எல்லை. ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குக் கேரளா போகிற ஜீப்புகள் நிற்கும் இடத்தில் ஆட்டோவை நிறுத்தி, வழக்கம்போல முதலில் மறுப்பை ஓடவிட்டார். எதிரே இட்லிக் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"அக்கா, நீங்களும் கடமலைக்குண்டுப் பக்கந்தான? முனீஸ்வரிதான உங்க பேரு?" தட்டோடு நின்ற ஒருத்தி கடைக்காரியைக் கேட்டாள். "அரிசின்னு ஏதோ சொல்றாக, அது நீங்கதானா?"

கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள் முனீஸ்வரி. அவளைக் கண்டதும் சுருளிராஜனுக்குக் கண் நிறைந்துவிட்டது. கைகூப்பினார். அவள் அதைப் பார்க்கவே இல்லை. ஆட்டோவுக்குள் கையைவிட்டு மைக் செட்டை அணைக்கத் தடவினாள். எதை அழுத்துவது என்று தெரியவில்லை.

"நிப்பாட்டுங்கண்ணே" என்றாள். "இங்கன யாருக்கும் தெரியாதுண்ணே."