மேற்கே வாய் திறந்த கல்திட்டை

மூச்சே விடாமல் பிறந்த ஒரு குழந்தைக்கு ஒரு முழம் மண் கூடக் கிடையாது என்று சொல்ல எவருக்கு உரிமை இருக்கிறது? பதில் தெரிந்தால் சொல்லுங்கள். அயர்லாந்தின் தென்மேற்கு ஓரத்தில், பேரா மலைச்சரிவில் வாழ்ந்த கோபினைட் இந்தக் கேள்வியை நெஞ்சுக்குள்ளேயே பூட்டி வைத்துப் பாதி வாழ்நாளைக் கழித்தாள்.

மற்ற விஷயங்களில் அவள் வாயை யாராலும் பூட்ட முடியாது. கடற்பாசியைக் கூடையில் சுமந்து வந்து உருளைக்கிழங்கு வயலுக்கு உரமாகப் போடுவாள். வெண்ணெய் கடைவாள். சந்தையில் அவள் பேரம் பேசத் தொடங்கினால் வியாபாரி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிவான். பெற்று வளர்த்த பிள்ளைகளை எல்லாம் பிழைப்புக்காகக் கப்பலேற்றி அனுப்பினாள். அவர்களுக்கு முன்னால் பிறந்த ஒருத்தியைப் பற்றி மட்டும் அந்த வீட்டில் பேச்சே கிடையாது.

அந்தப் பெண் இறந்தே பிறந்தாள். ஞானஸ்நானம் ஆகாத பிள்ளை, ஆகவே கோயில் கல்லறையில் இடமில்லை, மோட்சத்திலும் இடமில்லை என்று சாமியார் சொல்லிவிட்டார். கருணையே வடிவான கடவுளின் பெயரால் சொன்னார்! அப்படிப்பட்ட பிள்ளைகளைத் தகப்பன்மார்கள் துணியில் சுற்றித் தனியாகத் தூக்கிப் போய், மேய்ச்சல் நிலங்களில் நிற்கும் ஆதிகாலக் கற்களின் ஓரம் புதைத்து, மேலே ஒரு வெள்ளைக் கூழாங்கல் வைப்பார்கள். இடத்தைத் தாயிடம் சொல்லக் கூடாது. தெரிந்தால் போய்ப் போய் அழுவாளாம். கோபினைட்டின் கணவன் ஃப்ளரியும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

அந்தச் சரிவில் கற்களுக்கா பஞ்சம்? மேட்டுக்கு மேடு நெடுங்கற்கள் நிற்கின்றன, கடலைப் பார்த்துக் கல்வட்டங்கள் கிடக்கின்றன. ஒவ்வொன்றையும் கடக்கும்போது கோபினைட் நடையை மெதுவாக்குவாள். எது என்று தெரியாதவளுக்கு எல்லாமே அதுதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளின் தொடக்கத்தில் ஓர் இலையுதிர் காலப் பிற்பகல். ஃப்ளரியின் தம்பி டைக், மேல்வயலைச் சமப்படுத்த டவுனிலிருந்து புல்டோசர் வரவழைத்திருந்தான். அந்த வயலின் நடுவில், ஆதிகால மனிதர்கள் இறந்தவர்களுக்குக் கட்டிய ஒரு கல்திட்டை. பக்கங்களில் பலகைக் கற்கள், மேலே பத்து மாடுகள் இழுத்தாலும் அசையாத ஒரு கூரைக்கல். இயந்திரம் மேட்டில் உறுமியபோது ஃப்ளரி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தான். கோப்பை சாய்ந்து தேநீர் மேசையெல்லாம் சிந்தியதைக் கவனிக்காமல் ஜன்னல் வழியே மேல்வயலையே பார்த்தான்.

கோபினைட் சிந்திய தேநீரைப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். கட்டியிருந்த ஏப்ரனோடு அப்படியே ஓடினாள்.

மேல்வயலில் டிரைவர் இயந்திரத்தை நிறுத்தி வைத்துக்கொண்டு தகராறு செய்துகொண்டிருந்தான். கல்லுக்குள் மாய மனிதர்கள் குடியிருப்பதாக ஊரில் ஒரு நம்பிக்கை. பயத்தில் அவர்களை 'நல்லவங்க' என்றுதான் சொல்வார்கள்.

"இறங்குடா, நானே இடிக்கிறேன்!" என்றான் டைக்.

"தாராளமா இடிங்க. நாளைக்கு வாய் கோணிக்கிட்டா என்கிட்ட வராதீங்க. எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை கிடையாதுங்க. ஆனா அடுத்த மாசம் கல்யாணத்த வச்சுக்கிட்டு எதுக்கு வம்பு?"

கோபினைட் இருவரையும் தாண்டிப் போய், இயந்திரத்தின் இரும்புத் தகட்டுக்கு முன்னால் சேற்றில் உட்கார்ந்தாள்.

"அண்ணி! எழுந்திரிங்க. உங்களுக்குமா பேய் பயம்?"

ஆமாம், நல்லவங்க கோபிச்சுக்குவாங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவன் உள்ளூரப் பயந்துதான் இருந்தான். மரியாதையாக விலகிப் போயிருப்பான், ஊரும் தலையாட்டியிருக்கும். அவள் சொல்லவில்லை. பொய்யின் தயவில் தன் பிள்ளை படுத்திருக்க வேண்டாம் என்று நினைத்தாள்.

"பேயாவது, மண்ணாங்கட்டியாவது! இங்க என் பொண்ணு இருக்கா, டைக்."

"எந்தப் பொண்ணு?" என்றான் அவன். அப்படி ஒரு பிள்ளை பிறந்தது அவனுக்கும் தெரியும்.

"உன் அண்ணன் மக. அவளுக்குன்னு பேரு கூட வைக்க விடல நீங்க. இடிக்கிறதுன்னா என்னையும் சேத்து இடி."

ஃப்ளரி மூச்சிரைக்க மேடேறி வந்து நின்றான். தொப்பியை இரண்டு கையாலும் பிசைந்துகொண்டிருந்தான்.

"உள்ளேதாண்டா இருக்கா," என்றான் தம்பியிடம். பிறகு முதல் முறையாக மனைவியின் பக்கம் திரும்பினான். "அன்னைக்கு ஊத்து ஊத்துன்னு ஊத்திச்சு மழை. புள்ள நனையக் கூடாதேன்னு கூரைக்கல்லுக்கு அடியில வச்சேன்."

டைக் டிரைவரின் பக்கம் திரும்பினான்.

"வண்டியத் திருப்புடா," என்றான்.

கோபினைட் முழங்காலிட்டு உள்ளே தவழ்ந்தாள். கல்திட்டையின் வாய் மேற்குப் பார்த்தது. மேகத்துக்கு அடியிலிருந்து இறங்கிய சூரியன் அவளுக்குப் பின்னாலேயே உள்ளே நுழைந்தது. தரை முழுவதும் வெள்ளை வெளேரென்று பளிங்குக் கூழாங்கற்கள். ஃப்ளரி வைத்தது ஒன்று. மற்றவை? ஊரிலுள்ள வீடுகளையெல்லாம் அவள் மனசுக்குள் ஒவ்வொன்றாகக் கடந்து போனாள். எத்தனை தகப்பன்மார் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல் இதே வாசலில் தவழ்ந்திருக்கிறார்கள்! கையால் மண்ணைத் தள்ளினாள். அடியிலும் வெள்ளைக் கற்கள், பாசியேறி, மண்ணோடு இறுகி. சாமியாருக்கு முன்னால், சிலுவைக்கு முன்னால், இரும்புக்கும் முன்னால் யாரோ ஒருத்தி இழந்ததற்கு யாரோ வைத்தவை. நாலாயிரம் ஆண்டுகளாக இந்தக் கல் யாரையும் நீ யார், என்ன சடங்கு முடித்தாய் என்று கேட்டதில்லை. வந்தவர்களையெல்லாம் உள்ளே வாங்கிக்கொண்டு, மாலைதோறும் அவர்களுக்கு வெளிச்சம் காட்டியிருக்கிறது.

அவளுக்கு அழுகை வரவில்லை. பலகைக் கல்லில் உள்ளங்கையைப் பதித்தாள். கல் வெதுவெதுப்பாக இருந்தது.

அந்த வாரமே ஊர்ப் பெண்கள் பட்டப்பகலில், எல்லார் கண்ணும் பார்க்க, மேல்வயலுக்கு ஏறிப் போனார்கள். டைக் வயலைச் சுற்றி வேலி போட்டான். சாமியார் மட்டும் கடைசி வரை அந்தப் பக்கம் வரவில்லை. கோபினைட் அதன்பின் நெடுங்காலம் இருந்தாள். மகளுக்கு நெசா என்று பெயர் வைத்தாள், அந்தப் பெயரைச் சந்தையிலும் சத்தமாகச் சொன்னாள்.

உங்கள் வீட்டிலும் பேசப்படாத ஒரு பிள்ளை இருக்கலாம். இன்றைக்கே அந்தத் தாயின் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். இடம் தெரிந்தவர் உயிரோடு இருக்கும்போதே, அவள் கையைப் பிடித்து அங்கே கூட்டிக்கொண்டு போங்கள்.