குறைந்துகொண்டே போன ஏ.டி.வி. விலை

பாலிக் புலாவில் சரிவான ஒரு டுரியான் பழத் தோட்டத்தை நானும் என் கணவரும் குத்தகைக்கு எடுத்த மூன்றாவது வருடம், அவருடைய வலது முழங்கால் தேய்ந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். பழக்கூடையைத் தூக்கிக்கொண்டு இனி மேடு ஏறக்கூடாது. அன்று சாயங்காலமே அவர் போனில் பழைய ஏ.டி.வி. தேட ஆரம்பித்துவிட்டார். மலைத் தோட்டங்களில் பழம் ஏற்றி இறக்க வைத்திருப்பார்களே, அந்த நாலு சக்கர மோட்டார். எடை இருநூறு கிலோவுக்கு மேல் என்று படித்தேன். அந்தச் சரிவில் அது புரண்டால் அவர் எங்கே இருப்பார்?

வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. சரி, வாங்கத்தான் போகிறார் என்றால் ஏமாறாமலாவது வாங்கட்டும் என்று நானும் இறங்கினேன். லிட்டில் இந்தியாவில் துணிக்கடையில் இருபது வருடம் நின்றவள் நான். புடவையைத் தொட்டதும் விலை சொல்லுவேன். இயந்திரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. டத்தோ கிராமாட்டில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் மோட்டார் பட்டறை வைத்திருப்பவரிடம் போய்க் கேட்டேன்.

"அதே வயசு வண்டி நாலஞ்சு என்னா விலைக்குப் போவுதுன்னு பாருங்க அக்கா. டயர், பிரேக், பேரிங்னு மாத்த வேண்டியத அதுலேருந்து கழிங்க. ஆனா முதல்ல குனிஞ்சு அடியில வண்டியத் தாங்குற இரும்புச் சட்டத்தப் பாருங்க. அங்க ஒடஞ்சு வெல்டிங் வெச்சிருந்தா கணக்கே வேற."

அவர் போனில் தேடிப் பிடித்த ஒரு வண்டியைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை காலை மலைப்பாதையில் காரில் போனோம். விற்பவர் ஒரு தமிழ் முஸ்லிம், என் கணவரின் வயதுதான் இருக்கும். வண்டி வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நின்றது. பதினைந்து வருடத்துப் பழசு. கேட்ட விலை எட்டாயிரம் வெள்ளி. சாவியை என் கணவரிடம் கொடுத்துவிட்டு அவர் கொட்டகைக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். வண்டியின் பக்கம் வரவில்லை. அது எனக்கு என்னவோபோல் இருந்தது.

டயர் நான்கும் வழுக்கையாகி இருந்தன. முன்சக்கரத்தை அசைத்தால் கடகடவென்று ஆடியது. எல்லாவற்றையும் கழித்துப் பார்த்து, "ஆறாயிரந்தாண்ணே நியாயம்" என்றேன். பேரம் பேச வேண்டியிருக்கும் என்று நினைத்தேன்.

"சரி லா, எடுத்துக்குங்க" என்றார் உடனே.

அப்போதுதான் பட்டறைக்காரர் சொன்னது ஞாபகம் வந்து குனிந்தேன். சட்டத்தின் நடுவில், கறுப்புச் சாயத்துக்கு அடியில், விரல் தடிமனுக்கு ஒரு தழும்பு ஓடியது.

"என்னாண்ணே இது, வெல்டிங்கா?"

"அது... சும்மா சின்ன கிராக். அஞ்சாயிரம் குடுங்க."

நான் அந்தத் தழும்பை விரலால் தடவிப் பார்த்தேன். "நாலு" என்றார். நான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். "மூவாயிரம், அதுக்கு மேல ஒண்ணும் வேணாம், கொண்டு போயிடுங்க அக்கா."

கடைக்குச் சரக்கு கொண்டு வருகிறவர் விலை இறங்க இறங்க எனக்குத் தெம்பு வரும். அன்று அது வரவில்லை. இவருக்கு இந்த வண்டி இங்கிருந்து போனால் போதும் என்று புரிந்தது. ஏன் என்றுதான் புரியவில்லை.

நான் தடுப்பதற்குள் என் கணவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு, "ஒரு ரவுண்டு பாத்துட்டு வரேன்மா" என்று பின்பக்க மேட்டில் ஏறிவிட்டார். ஜாதிக்காய் மரங்களுக்கு நடுவே சத்தம் தேய்ந்துகொண்டே போனது. அப்போது வீட்டுக்குள்ளிருந்து விற்பவரின் மனைவி ஓடிவந்தார்.

"மேட்டுல ஏத்த உட்டீங்களா? சொல்லலையா நீங்க?" என்று புருஷனைக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "அக்கா, போன வருஷம் அது இவர் மேல கவுந்துச்சு. ரெண்டு மணி நேரம் அடியில கெடந்தாரு. பழம் பொறுக்க வந்தவங்க பாத்துத்தான் தூக்குனாங்க."

மேலே என்ஜின் இருமிவிட்டு நின்றது. அதன் பிறகு சத்தமே இல்லை.

எப்படி ஏறினேன் என்று தெரியாது. செருப்பு ஒன்று கழன்று போனது. சரிவின் பாதியில் வண்டி நின்றிருந்தது. நின்றிருந்தது என்றும் சொல்ல முடியாது. என் கணவர் பிரேக்கை இறுக்கிப் பிடித்திருந்தார், அது பிடிக்காமல் வண்டி அங்குலம் அங்குலமாகப் பின்னால் நழுவிக்கொண்டிருந்தது. வழுக்கை டயருக்கு அடியில் ஈர இலைகள். அவர் முகம் வெளிறியிருந்தது. நல்ல காலைத் தரையில் ஊன்றப் போனார்.

"கால வெக்காதீங்க! முன்னால சாயுங்க, நல்லா சாயுங்க!" என் பின்னால் விற்பவர் கத்தினார். அவரும் ஏறி வந்திருந்தார். கிடந்த மரத்துண்டு ஒன்றை இருவரும் உருட்டிப் பின்சக்கரத்துக்கு அடியில் திணித்தோம். வண்டி அதில் முட்டி நின்றது. என் கணவர் மேட்டுப் பக்கமாக இறங்கி என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

விற்பவர் அங்கேயே இலைமேல் உட்கார்ந்துவிட்டார். "மன்னிச்சிடுங்க. அந்த நாளுக்கப்புறம் அதத் தொடவே முடியல. தினம் கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கு. எவனாவது கொண்டுபோனா சரின்னு இருந்துட்டேன்."

கோபம் வந்தது. திட்ட வாய் திறந்தேன். ஆனால் அந்தப் பயத்தை அப்போதுதான் நானும் தெரிந்துகொண்டிருந்தேன்.

"அண்ணே, ஓட்டுற வண்டியா இதுக்கு வெலையே கெடையாது. பிரிச்சு வித்தீங்கன்னா என்ஜினுக்கு ஒரு வெல இருக்கு" என்றேன்.

இரண்டு வாரம் கழித்து அவரே போன் செய்தார். நடந்ததையெல்லாம் சொல்லித்தான் ஒரு பட்டறையில் வண்டியைக் கொடுத்தாராம். என்ஜினுக்கும் சில சாமான்களுக்கும் ஆயிரத்து எண்ணூறு வெள்ளி கிடைத்ததாம். சட்டத்தை அவர் கண்முன்னாலேயே அறுத்துப் பழைய இரும்பில் போட்டார்களாம். "இப்போதான் கொட்டகைப் பக்கம் போனேன்" என்றார்.

அந்தப் பருவத்துக்குப் பழம் சுமக்க இரண்டு ஆட்களைக் கூலிக்கு வைத்தோம். லாபம் பெரிதாக ஒன்றும் நிற்கவில்லை. என் கணவர் அடிவாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பழம் தரம் பிரித்தார். மேலேயிருந்து ஏதாவது உருளும் சத்தம் கேட்டால் இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்ப்போம். பெரும்பாலும் டுரியான்தான்.