நாலாவது ஆள்

பேய், பிசாசு என்று யாராவது கதை தொடங்கினால் தேத்தண்ணீர் போட எழுந்து போகிறவன் நான். இன்றைக்கும் அப்படித்தான். ஆனாலும் இதைச் சொல்கிறேன், நம்புவதும் விடுவதும் உங்கள் பாடு.

எண்பதுகளின் கடைசி. கிழமை நாட்களில் எனக்கு பேக்கரி வேலை, சனிக்கிழமைகளில் லண்டன் வால்தம்ஸ்டோ பக்கம் லீ ஆற்றுத் தடுப்பணையில் ரப்பர் படகு விடும் சின்னக் கிளப் ஒன்றில் வழிகாட்டி. அந்தக் காலத்தில் அதற்கென்று பெரிய படிப்பு ஏது, கவிழ்ந்தால் என்ன செய்வதென்று தெரிந்தால் போதும். படகில் வழிகாட்டியைத் தவிர ஆறு பேருக்கும் இலக்கம் உண்டு. கவிழ்ந்ததும் வரிசையாக இலக்கத்தைக் கத்த வேண்டும். முன்னவர் சொல்லாமல் பின்னவர் வாய் திறக்கக்கூடாது.

அன்று மார்ச் மாத மதியம். ஐந்தாம் இலக்கம் ஃபாரஸ்ட் கேட்டில் பலசரக்குக் கடை வைத்திருந்த சிவம் அண்ணை. "நான் தண்ணியில தாண்டு போனா கடையை நீதான் பாக்கோணும், சொல்லிப்போட்டன்" என்று சிரித்தபடிதான் ஏறினார். நாலாம் இலக்கம் கிறிஸ்டீன், பேக்கரியில் என்னோடு வேலை செய்த வெள்ளைக்காரப் பெண். நீந்தத் தெரியாது. என் சொல்லை நம்பி வந்தவள்.

அணைக்குக் கீழே படகு கவிழ்ந்தது. நான் அதன் முதுகில் ஏறி நின்று கத்தினேன். ஒன், டூ, த்ரீ வந்தது. அடுத்தது "நாலு" என்று தமிழில் வந்தது. பிறகு சிவம் அண்ணையின் ஃபைவ், கடைசியாக சிக்ஸ். எல்லாரும் இருக்கிறார்கள் என்று விட்ட மூச்சு பாதியில் நின்றது. கிறிஸ்டீனுக்கு ஏது தமிழ்? அந்தச் சத்தம் என் காலுக்குக் கீழே, படகுக்கு அடியிலிருந்து வந்திருந்தது.

குதித்தேன். கயிற்றில் கால் சிக்கி, நினைவில்லாமல் கிடந்தாள். கயிற்றை அறுத்துக் கரைக்கு இழுத்தோம். தண்ணீரைக் கக்கினாள், இருமினாள், பிழைத்தாள். எனக்குச் சந்தோஷமும் வரவில்லை, பயமும் வரவில்லை. விரல்கள் மரத்ததுபோல உள்ளேயும் மரத்துக் கிடந்தது.

ஆம்புலன்ஸ் போன பிறகு, கிளப்பில் தேத்தண்ணீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருந்த சிவம் அண்ணையிடம் கேட்டேன்.

"அண்ணை, நாலெண்டு நீங்களே சொன்னது?"

"விசரே உனக்கு? நீயெல்லோ சொன்னனீ. உன்ர குரலைக் கேட்டுத்தான் நான் ஃபைவ் எண்டனான்."

"நான் மேல நிண்டனான். சத்தம் கீழயிருந்தெல்லோ வந்தது."

"ஓம், கீழயிருந்துதான்." கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னட்டை இனி ஒண்டும் கேளாதை."

இப்போது லூயிஷாம் கோயிலில் அன்னதானத்துக்கு இலை போடுகிறேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டு போனால் மூன்றோடு வாய் நின்றுவிடும். மறந்துவிட்டேன் என்று நினைத்துப் பந்தியில் யாராவது "நாலு" என்று எடுத்துக் கொடுப்பார்கள். அது யாருடைய குரல் என்று முகத்தைப் பார்த்த பிறகுதான் இலையைப் போடுவேன்.