தனபால் போடாத கமெண்ட்

தனபால் போய்விட்டான். இன்று காலை... ஹார்ட் அட்டாக்.

போன் வந்தபோது நான் ஒரு வானத்துக்கு நீலம் அடித்துக்கொண்டிருந்தேன். பதற்றத்தில் டீ என்று நினைத்து பிரஷ் கழுவுகிற தண்ணீரை எடுத்துக் குடித்துவிட்டேன்.

கண்ணாடிகூடப் பார்க்காமல் சாவு வீட்டுக்குப் போய் நின்றால், "அண்ணனுக்கு உதடெல்லாம் நீலமா இருக்கு, அவருக்கும் ஏதோ ஆவுது" என்று என்னைப் பிடித்து உட்கார வைத்து விசிற ஆரம்பித்துவிட்டார்கள். கொஞ்ச நேரம் தனபாலைக் கவனிக்க ஆளில்லை.

நம் ஃபேஸ்புக் குரூப்பில் எல்லோரும் "நல்ல மனிதர், எளிமையானவர்" என்று போடுகிறீர்கள். மன்னிக்கவும், எனக்கு அது வராது. எனக்கு அவனைப் பிடிக்காது. அவனுக்கும் என்னை.

ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பக்கத்துப் பக்கத்து பெஞ்சில்தான் வேலை பார்த்தோம். அங்கே ஒரு சண்டை கிடையாது. இரண்டு பேரும் படம் வரைய ஆரம்பித்த பிறகுதான் எல்லாம்...

நான் வெறும் ஐ.டி.ஐ. ஃபிட்டர். ஸ்கூலில் நான் வரைந்த மாம்பழத்துக்கு, கத்திரிக்காய் என்று நினைத்து டீச்சர் மார்க் போட்டார். பிபிக்கு ஒரு ஹாபி வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்ல, மகள் ஷாலினி வாட்டர்கலர் பாக்ஸ் வாங்கிக் கொடுக்க, செகந்திராபாத்தில் ஞாயிற்றுக்கிழமை கூடுகிற ஸ்கெட்ச் குரூப்பில் போய்ச் சேர்ந்தேன்.

அங்கே முதல் ஆளாக ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான் தனபால். பிபி குறையவில்லை.

நிஜாம் காலத்துக் கல் கட்டடம் என்றால் அவனுக்கு உயிர். ஆனால் அவன் படத்தில் கரண்ட் கம்பி இருக்காது, ஆட்டோ இருக்காது, மனுஷன் இருக்க மாட்டான். அந்தக் காலத்தில் இருந்த மாதிரியே வரைகிறானாம்.

நிஜாம் ஊரையே காலி பண்ணி வைத்திருந்தாரா என்று கேட்டேன். ஒரு மாதம் பேச்சு இல்லை.

அப்புறம் அந்த ஞாயிறு. ஷாலினி அப்போது ஒன்பதாவது. எதைச் சொன்னாலும் ஹைதராபாத் இந்தியில் "கைக்கு டாடி?", ஏன் டாடி என்று கேட்கிற பெண், அன்று ஒன்றும் கேட்காமல், லீவ் நாளிலும் ஸ்கூல் வெள்ளை யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு பழைய கல் பங்களா கேட் முன்னால் நின்றாள். எனக்காக. வெயிலில்.

நான் சுவரை முழுக்க வரைந்துவிட்டு, அதன் மேலேயே வெள்ளை பெயிண்டை அப்பி யூனிஃபார்ம் பண்ணினேன். ஒர்க்‌ஷாப் புத்தி. எதுவாக இருந்தாலும் மேலே ஒரு கோட் பெயிண்ட் அடித்தால் சரியாகிவிடும் என்று.

முடிந்ததும் எல்லோரும் படங்களைத் தரையில் வரிசையாக வைத்துப் பார்ப்பது குரூப் வழக்கம். தனபால் என் படத்துக்கு முன்னால் குனிந்தான்.

"நிஜாம் காலத்துல உன் பொண்ணு எங்கடா இருந்தா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். அதோடு விட்டிருக்கலாம்... கட்டைவிரலை நாக்கில் தொட்டு, படத்தில் வைத்துத் தேய்த்தான்.

"வெள்ளைன்னா பேப்பரை அப்படியே விடணும்டா. இது சுண்ணாம்பு."

என் மகள் நின்ற இடத்தில் ஒரு சாம்பல் கறை.

அவள் அதைப் பார்த்தாள். "நக்கோ டாடி. கர் சலோ" என்றாள். வேண்டாம், வீட்டுக்குப் போகலாம் என்று. அதற்குப் பிறகு எனக்காக அவள் நின்றதே இல்லை. வீட்டில் நான் பென்சிலை எடுத்தால் அடுத்த ரூமுக்குப் போய்விடுவாள்.

என்னைத் திட்டியிருந்தால் மறந்திருப்பேன். இதை மறக்கவில்லை. இன்றைக்கும் இல்லை.

அன்றிலிருந்து வெள்ளை ட்யூபைத் தொடவில்லை. வெள்ளை வேண்டிய இடத்தில் பேப்பரை அப்படியே விட்டு வரைந்து பார்த்தேன். முதல் தடவை முகத்தையும் சேர்த்து விட்டுவிட்டேன். யார் இந்தப் பேய் என்று கேட்டாள் என் மனைவி.

இங்கே எந்தப் படம் போட்டாலும் முதல் கமெண்ட் அவனுடையதுதான், பார்த்திருப்பீர்கள். "நிழல் தப்பு." "கால் ரெண்டும் ஒரே பக்கம்." வருஷக்கணக்காக இதே. ஒரு லைக் கிடையாது.

பிளாக் பண்ணப் போவேன். அதற்கு முன்னால் படத்தை ஒரு தடவை பார்ப்பேன். நிழல் தப்பாகத்தான் இருக்கும். அது இன்னும் எரிச்சல்.

ஷாலினிக்கு இப்போது கொண்டாப்பூரில் ஐ.டி. வேலை. போன மாதம் ஒருநாள், அதே பங்களா கேட் பக்கம் வெள்ளைச் சுடிதாரில் ஆபீஸ் கேப் வண்டிக்காக நின்றாள். போனைப் பார்த்தபடி. எதிர் டீக்கடையில் நான் இருந்ததை அவள் கவனிக்கவில்லை.

சுவர், கம்பி, ஆட்டோ எல்லாவற்றுக்கும் கலர் கொடுத்தேன். அவள் இருந்த இடத்தில் மட்டும் பேப்பரை விட்டேன். அவ்வளவுதான்... படத்தில் அவள் நின்றுவிட்டாள்.

சாயங்காலம் வீட்டில் படத்தைக் கையில் எடுத்தாள். "யே மை ஹூம் க்யா?" என்றாள், இது நானா என்று. ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம், வீட்டில் தமிழே பேசாத பெண், தமிழில் கேட்டாள்.

"சண்டே ஃப்ரீதான் டாடி... நிக்கணுமா?"

அந்தப் படத்தைத்தான் இங்கே போட்டேன். ஹார்ட்டாகக் குத்தித் தள்ளினீர்கள். நன்றி. ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது ஒரே ஒரு கமெண்டுக்காக. வரவில்லை.

பொறாமை, தப்பு கண்டுபிடிக்க முடியாமல் வெந்துகொண்டிருக்கிறான் என்று நினைத்தேன். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

இன்றைக்கு அவன் சம்சாரம் சொன்னது: "அவர் போனைத் தொட்டே ரெண்டு மாசமாச்சுண்ணே. சுகர்ல கண்ணு போயிடுச்சு. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னுட்டார்."

மாலை போட்டேன். எல்லோரும் ஏதோ சொல்லி அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

போய் வா தனபால்.

கிட்டே குனிந்து சொல்ல நினைத்தேன், ஆட்கள் இருந்ததால் சொல்லவில்லை. "எந்திரிடா. என் பொண்ணு நிக்கிறா... வந்து ஒரு தப்பு சொல்லு பாக்கலாம்."