நிற்காமல் போன கேமரா

வீடியோ விளக்கு சூடேறும்போது அதன் கண்ணாடியில் படிந்திருந்த தூசி கருகி ஒரு வாசனை வரும். ஆம்பூரில் நாங்கள் குடியிருந்த தெருவில் தோல் நாற்றத்தை மிஞ்சி மூக்கில் ஏறியது அது ஒன்றுதான் என்பதால், இன்றைக்கும் எங்காவது தூசி கருகினால் எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிடுகிறது. அப்பாவுக்குத் "தோல் ஷாப்பில்", அதாவது தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை. லீவு நாட்களில் அம்மாவுக்கு லைட் தூக்குவார்.

அம்மாவைத் தெருவில் "கேமராக்காரம்மா" என்பார்கள். ஸ்டுடியோ ஒன்றில் ஆல்பம் ஒட்டிக்கொண்டிருந்தவர். முஸ்லிம் கல்யாணங்களில் பெண்கள் பக்கம் படமெடுக்க ஒரு பெண் தேவைப்பட்டபோது, முதலாளி கேமராவைத் தூக்கி இவர் தோளில் வைத்துவிட்டார். வாணியம்பாடி, மேல்விஷாரம் என்று எங்கே நிக்காஹ் நடந்தாலும் அம்மாவுக்கு ஆள் வரும். அப்பா ஒயரை இழுத்துக்கொண்டு வாசல் திரைவரை வருவார், அதற்குமேல் ஓர் அடி வைக்க மாட்டார். உள்ளே அந்த வீட்டுப் பெண் யாராவது லைட்டைப் பிடிப்பாள். நான் பிரியாணி தின்றுவிட்டுத் தூங்குவேன்.

அம்மாவுக்கென்று சட்டங்கள் இருந்தன. மணப்பெண்ணை லோ ஆங்கிளில் எடுக்கக் கூடாது, "மூக்கு ஓட்டதான் தெரியும்". படம் வேண்டாம் என்ற பெண்கள் இருந்தால் டாப் ஆங்கிளில் மருதாணிக் கைகளை மட்டும் எடுக்க வேண்டும். பேனிங் போகும்போது, அதாவது கேமராவை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் திருப்பும்போது, தப்பித்தவறி ஆண் யாராவது குறுக்கே வந்தால் நிற்கவே கூடாது, "பாக்காத மாதிரி ஓட்டிக்கினே போய்டணும்". எல்லாவற்றிலும் பெரிய சட்டம், எடுத்து முடித்ததும் கேசட்டை அங்கேயே உருவி வீட்டுப் பெரியம்மா கையில் கொடுத்துவிடுவது. பிரதி எடுப்பதில்லை. அந்த நம்பிக்கையில்தான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது.

மேல்விஷாரத்தில் ஒரு கல்யாணத்தில் நடுவில் பல்பு போய்விட்டது. அம்மா பகல் வெளிச்சத்திலேயே பேனிங் போய்க்கொண்டிருக்க, அப்பா புதுப் பல்போடு வராந்தாவில் வேகமாக வர, ஒரு குழந்தை திரையை இழுத்துவிட்டது. அம்மாவின் கேமரா அப்பாவைத் தாண்டிப் போனது. சட்டப்படி நிற்கவில்லை.

அந்த மழைக்காலத்தில் தொழிற்சாலைக் கழிவுத் தொட்டியில் அடைப்பெடுக்க இறங்கிய ஒருவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்கிய அப்பாவும் உயிரோடு மேலே வரவில்லை. விஷவாயு என்றார்கள். அது தெரியாமலா ஆளை இறக்கினார்கள் என்று எனக்கு இன்றுவரை ஆத்திரம் அடங்கவில்லை.

வீட்டில் இருந்தது ரேஷன் கார்டுக்கு எடுத்த போட்டோ ஒன்றுதான். அதில் அப்பா யாரோ மாதிரி முறைத்துக்கொண்டிருந்தார். நடக்கும்போது இடது தோளைச் சாய்ப்பார் என்று எல்லோரும் சொன்னார்கள், எனக்கோ அது நினைவில் நிற்கவில்லை. "அப்பா எப்டிம்மா நடக்கும்?" என்று கேட்டுக் கேட்டு அம்மாவைப் பிடுங்கினேன். ஊர்க் கல்யாணமெல்லாம் எடுத்தவரிடம் தன் புருஷன் நடக்கிற படம் இல்லை.

ஒருநாள் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு அந்த மேல்விஷாரம் கல்யாண வீட்டுக்குப் போனார். விஷயம் கேட்டதும் அந்த வீட்டுப் பெரியம்மா அழுதுவிட்டார். ஆனாலும், "கேசட்ட மட்டும் கேக்காதம்மா. எங்க பொண்ணுங்க மொகமெல்லாம் அதுல கீது. வெளிய போவாதுன்னு நீதானே வாக்கு குட்த்தே," என்றார்.

"தர வாணாங்கம்மா. இங்கயே ஒருவாட்டி போடுங்க, புள்ள பாக்கட்டும்," என்றார் அம்மா.

கேசட்டை வீடியோ டெக்கில் போட்டார்கள். மணப்பெண், சிரிக்கும் தோழிகள், மருதாணிக் கைகள், விலகிய திரை, ஒரு வெள்ளைச் சட்டை, மறுபடியும் கைகள். அவ்வளவுதான். ரிவைண்ட் செய்து போட்டார்கள். எத்தனை முறை போட்டாலும் கால் முன்னால் வரும், தோள் சாயத் தொடங்கும், அதற்குள் கேமரா நகர்ந்துவிடும். பாஸ் பட்டனை அழுத்தி நிறுத்தினால் படம் கோடு கோடாக நடுங்கியது. அம்மா டிவியை ஒட்டி உட்கார்ந்துகொண்டு, "செத்த நின்னிருக்கலாமே நானு," என்றார். "நீ சரியாதாம்மா எடுத்துக்கீறே," என்று பெரியம்மா சொன்னது அவர் காதில் விழவில்லை.

அம்மாவும் போய்விட்டார். அந்தக் கேசட் பூஞ்சை பிடித்துப் போனதாகக் கேள்வி. டெக்கும் இல்லை, ஒயர் இழுக்கும் வேலையும் இல்லை. இப்போது பெண்கள் பக்கம் நான்தான் எடுக்கிறேன். ஆண் குறுக்கே வந்தால் நானும் நிற்காமல்தான் போகிறேன். ஆனால் வேலை தொடங்குமுன், என்னோடு கேமராப் பை தூக்கி வந்து திரைக்கு வெளியே காத்திருக்கும் ஆளைக் கூப்பிட்டு, வாசலிலிருந்து வண்டிவரை நடக்கச் சொல்லி, கூடவே போய் எடுத்துவிடுகிறேன்.

"இன்னாத்துக்குக்கா இது?" என்பார்கள்.

"சும்மா நடப்பா," என்பேன்.