வெள்ளி மாதிரி மினுங்கிய அப்பச்சட்டி

போன கிழமை எங்கள் தெருவில் ஒரு கல்யாணம். சாய்ந்தமருதில் கல்யாணம் என்றால் தெரியும்தானே... வீட்டைக் கொடுத்து மாப்பிள்ளையை எடுக்கிற ஊர். பெண், பக்கத்து வீட்டு ஜெஸீமா ராத்தாவின் மூத்த மகள் றிஸ்னா. மாப்பிள்ளைக்குப் பொத்துவில் ஊர். யுத்தம் முடிந்துவிட்டதால் வழியில் ஒரு சோதனைச் சாவடியிலும் இறக்கி ஏற்றாமல் மாப்பிள்ளை வீட்டு வேன் நேரே வந்து சேர்ந்தது. அந்தச் சந்தோஷமே தனி.

மறுநாள் காலை புது மாப்பிள்ளைக்கு ராத்தாவின் கையால் அப்பம். அவருடைய அப்பத்துக்கு இந்தக் கரையெல்லாம் பெயர். உதவிக்கு நானும் போயிருந்தேன். சுபஹு தொழுதுவிட்டு இரண்டு பேரும் குசினிக்குள் நுழைந்தால் — மாப்பிள்ளையின் உம்மா இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு நிற்கிறார்! வந்த இடத்தில் சும்மா இருக்க மனமில்லாத நல்ல மனிசி. கையில் கம்பிச் சுருளும் சவுக்காரமும்.

“பாருங்க மச்சி, எத்தின வருஷத்துக் கரியோ! ஒரு பொட்டு இல்லாமத் தேச்செடுத்துட்டன்.”

அவர் தூக்கிக் காட்டியது ராத்தாவின் இரும்பு அப்பச்சட்டி. வெள்ளி மாதிரி மினுங்கியது.

எனக்கு ஐயோ என்றிருந்தது. இரும்புச் சட்டி வைத்திருப்பவர்களுக்குப் புரியும். அந்தக் கறுப்பை அழுக்கு என்று யார் சொன்னது? எண்ணெயும் நெருப்பும் சேர்ந்து வருஷக்கணக்காகப் போட்ட தோல் அது. அது இருந்தால்தான் அப்பம் தானாகக் கழன்று வரும். சவுக்காரம் காட்டாமல், சுடுநீரில் அலசி, துடைத்து, எண்ணெய் தடவி வைப்பது அதற்காகத்தான்.

ஆனால் நான் பயந்தது ராத்தாவை நினைத்து.

சுனாமியாகக் கடல் வந்த அன்று காலையும் அவர் அப்பம்தான் ஊற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் தட்டோடு இளைய மகள் சிபானா. பிள்ளை கிடைக்கவே இல்லை. இடிந்த குசினிச் சுவருக்கு அடியிலிருந்து சட்டி மட்டும் கிடைத்தது.

அந்த மண்ணில் என்னவெல்லாம் கிடந்தன! நஜீஸான அசுத்தம் போகக் கழுவ வேண்டும் என்று தொடங்கினார். முதல் நாள் கழுவியது சரி. அகதி முகாமில் தினமும் கழுவினார். சவுக்காரம், சாம்பல், மணல்... காய வைத்தால் பின்னேரமே துரு. மறுபடியும் தேய்ப்பு. மாவை ஊற்றினால் ஒட்டிக்கொள்ளும். “பறக்கத்துப் போயிற்று புள்ள” என்று, சட்டியின் அருளே போய்விட்டதாக என்னிடம் அழுவார். சாப்பாடும் இறங்கவில்லை. நாங்கள் எல்லாரும் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனோம்.

பக்கத்துக் கூடாரத்தில் பூரணம் அக்கா. கல்முனைக்காரி, மீன்பிடிக் குடும்பம், புருஷனைக் கடல் கொண்டுபோயிருந்தது. ஒருநாள் வந்து ராத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஊத்தை எப்பவோ போயிற்று தங்கச்சி. நீ இப்ப தேய்க்கிறது சட்டிய இல்ல. விடு கா.”

பிறகு இரண்டு பேருமாக அடுப்பு மூட்டினார்கள். சட்டியைக் காய வைத்து, தேங்காயெண்ணெய் விட்டு, துருவிய தேங்காய்ப்பூவைப் போட்டுக் கருகக் கருக வறுத்து, துணியால் துடைத்து, மறுபடியும் எண்ணெய்... சட்டி பழக்குவது என்போமே, அதுதான். வறுத்துக்கொண்டே அழுதார்கள். முதலில் ஊற்றிய அப்பமெல்லாம் காகத்துக்குப் போனது. கடைசியில் ஒன்று முழுசாகக் கழன்று வந்தது. அதை ராத்தா பிய்த்துத் தின்றதைப் பார்த்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

அந்தக் கறுப்பைத்தான் சம்பந்தியம்மா ஒரே காலையில்...

ராத்தா சட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கள் முகங்களைக் கண்டு சம்பந்தியம்மாவின் சிரிப்பும் மெல்லக் கழன்றது.

“நான் ஏதும் பிழை செஞ்சுட்டனா மச்சி?”

“ஒரு பிழையுமில்ல. இரிங்க, தேங்காயத் துருவுங்க. பழக்கி எடுப்பம்.”

அன்று புது மாப்பிள்ளைக்குக் கடைப் பாணும் பருப்பும்தான். பாவம், அதையே தின்றார்.

எனக்கு மனம் கேட்கவில்லை. ராத்தாவின் காதுக்குள் சொன்னேன். “கல்முனைப் பசார்ல புதுசு ஒண்டு எடுத்துத் தரட்டா ராத்தா? நல்ல பாரமா, உள்ளுக்குப் பொத்தல் இல்லாம, சுண்டினா கணீரெண்டு சத்தம் வாறதாப் பார்த்து?”

ராத்தா எண்ணெய்ப் போத்தலைத் திறந்தார்.

“என்னத்துக்கு புள்ள? இதுட கறுப்பு, போனாலும் திரும்பி வரும். இதாவது வருதே.”