மொட்டை மாடியில் வேர் பார்த்த நாட்கள்

கல்யாணமான புதிதில் நாங்கள் கடலூர் தேவனாம்பட்டினத்தில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். என் மனைவிக்குச் சொந்த ஊர் சிதம்பரம். எங்கள் வீட்டில் சர்ச்சுக்குப் போவோம், அவள் வீட்டில் கோயிலுக்கு. இரண்டு பக்கமும் ஒருவழியாகச் சம்மதித்தபோதும் அவளுடைய அண்ணன் மட்டும் கல்யாணத்துக்கு வரவில்லை. போனில் தங்கையிடம் "நல்லாருக்கியா, சாப்ட்டியா" என்று கேட்பதோடு சரி.

அவளுக்குச் செடி இல்லாமல் பொழுது போகாது. வீட்டுக்காரரோ, "மாடில மண்ணு கொட்டாதீங்க, தளம் ஒழுவுது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மண்ணே இல்லாமல் சத்துக் கரைத்த தண்ணீரில் வளர்க்கும் ஹைட்ரோபோனிக்ஸ் பற்றி யூடியூபில் பார்க்க ஆரம்பித்தோம். ஆளுக்கொரு முறையைச் சொன்னார்கள். பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் கூடியது.

"எங்கண்ணன் மாடில இந்த மாதிரிதான் கீரை போட்டிருக்கு. கேக்கட்டுமா?" என்றாள் தயங்கித் தயங்கி.

கேட்டாள். அன்று அண்ணனும் தங்கையும் பேசிய பேச்சில் சோறு குழைந்துபோனது. நான்தான் போய் அடுப்பை அணைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரே வந்துவிட்டார். வாசலில் என்னைப் பார்த்ததும் என்ன சொல்வதென்று தெரியாமல், என் வீட்டிலேயே என்னை "வாங்க" என்றார். மூவரும் சிரித்துவிட்டோம்.

"பைப்தான் நல்லது. தண்ணி மெலிசா ஓடிக்கிட்டே இருக்கும். வேருக்குத் தண்ணியும் கெடைக்கும், காத்தும் கெடைக்கும்" என்றார். அவர் சொன்னபடியே பைப்புகளை வாங்கி, துளை போட்டு, கீரை நாற்று வைத்து, தண்ணீர் ஓட மோட்டார் வைத்தோம். போர் தண்ணீர் உப்பு என்பதால் குழாய்த் தண்ணீரைச் சுமந்து ஊற்றினோம். தினமும் ஆபீஸ் போகும் முன் ஒரு செடியை மெல்லத் தூக்கி வேரைப் பார்ப்போம். இடியாப்பம் போல வெள்ளையாக இறங்கியிருக்கும். அதைப் போட்டோ எடுத்து அவள் அண்ணனுக்கு அனுப்புவாள்.

சித்திரை வெயிலில் ஒருநாள் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்திவிட்டார்கள். இரண்டு பேரும் வேலைக்குப் போயிருந்தோம். சாயங்காலம் வந்து பார்த்தால் பைப் காய்ந்து, வேரெல்லாம் தேங்காய் நார் மாதிரி கிடந்தது. அவள் அந்தச் சூட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

செய்தி கேட்டு மறுநாளே அண்ணன் பஸ் பிடித்து வந்தார். "எங்க வீட்ல இன்வெர்ட்டர் இருக்கு மச்சான். அத யோசிக்காம சொல்லிட்டேன்" என்றார். அவர் என்னை மச்சான் என்று கூப்பிட்டது அதுதான் முதல்முறை. செடி போன துக்கத்திலும் எனக்கு அது இனித்தது.

"பைப் மோட்டாருக்கே ஒரு பேட்டரி போட்டுடலாமே" என்றேன்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் இருங்க. கரண்ட் போனாலும் வேர் தண்ணிலயே இருக்கணும். அந்த மாதிரி எது இருக்கு?" என்றாள் அவள்.

அப்படித்தான் ஆழமான தொட்டிகளுக்கு மாறினோம். மேலே மூடி, மூடியில் துளை, துளைக்கு ஒரு செடி. தண்ணீருக்குள் காற்று விட, மீன் தொட்டிக்கு வைக்கிற சின்ன பம்ப். அது கொஞ்ச நேரம் நின்றாலும் வேர் காயாது. வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும், தண்ணீர் சூடானால் வேர் அழுகும் என்று படித்திருந்ததால், தொட்டிகளுக்கு வெள்ளைத் துணி சுற்றி டேங்க் நிழலில் வைத்தோம். வேலை முடிந்ததும் அவர் எங்கள் வீட்டில் முதல்முறையாகச் சாப்பிட்டார். சங்கரா மீன் குழம்பு. இரண்டாம் தரம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு கரண்ட் எத்தனையோ முறை போனது. கீரைக்கு ஒன்றும் ஆகவில்லை. அண்ணன் ஞாயிறு தோறும் வருவார். மூடியைத் தூக்கி, மூன்று தலையும் முட்டிக்கொள்ளக் குனிந்து பார்ப்போம்.

இப்போது எங்களுக்குச் சிதம்பரத்தில் அவர் தெருவுக்குப் பக்கத்திலேயே சொந்த வீடு. தோட்டத்தில் செடிகள் மண்ணில் நன்றாகவே வளர்கின்றன. அவரைத் தினமும் பார்க்கிறேன். "என்ன மச்சான், கெளம்பியாச்சா?" என்பார், வண்டியை நிறுத்தாமலே. நானும் தலையாட்டுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், மூன்று தலையும் முட்டிக்கொண்ட அந்த மாடி ஞாபகம் வந்துவிடுகிறது.